என்னை வேலையை விட்டு நீக்கும்படி நான் எழுதிய கடிதம்

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் கம்பெனி கதவும் சமையலறை அலமாரியும் செய்துகொண்டிருந்தது. நான் அங்கே டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதி வைப்பது என் வேலை. பன்னிரண்டு வருஷம் மற்றவர்களின் நேரத்தைக் கவனித்ததில் என் நேரம் சரியில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

அதைவிடப் பெரிய பதவி ஒன்று, தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் எனக்கு இருந்தது. சம்பளமில்லாத பதவி. இங்கிலீஷில் லெட்டர் எழுதிக் கொடுப்பவன். லீவு லெட்டர், லோன் லெட்டர், ஏசி ரிப்பேர் லெட்டர் எல்லாம் எழுதுவேன் என்றாலும், என் புகழ் ராஜினாமாக் கடிதத்தில்தான் இருந்தது. அதற்கு நானே ஒரு ஃபார்மட் தயார் செய்து வைத்திருந்தேன். 'தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஆரம்பித்து, மேனேஜருக்கும் கம்பெனிக்கும் நன்றி சொல்லி, கனத்த இதயத்தோடு முடியும். பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் சூழ்நிலையும் மாற்றினால் போதும். ஒருமுறை அவசரத்தில் மாற்ற மறந்து, கல்யாணமாகாத வெல்டர் ஒருவனின் கடிதத்தில் மனைவியின் பிரசவம் நின்றுவிட்டது. ஆபீஸில் அவனுக்குக் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வாரம் அவனுக்கு வீட்டிலிருந்து பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

ராஜினாமாவுக்கு அத்தனை கிராக்கி ஏன் என்றால், எங்கள் ஆட்களுக்கு டெர்மினேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே காய்ச்சல் வரும். அந்தக் காகிதம் கையில் வந்தால் திரும்ப இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள், 'பேன்' என்று தடை முத்திரை அடித்துவிடுவார்கள் என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்தது. அது உண்மையா என்று யாரும் விசாரித்ததில்லை. பேனை விடுங்கள், ஊரில் பதில் சொல்ல வேண்டுமே. 'துரத்திவிட்டார்கள்' என்பதற்கும் 'நானே விட்டுவிட்டு வந்தேன்' என்பதற்கும் நடுவே ஒரு வேட்டி இருக்கிறது. கம்பெனி ஒருவரைப் போகச் சொன்னால், அவர் நேரே என்னிடம் வருவார். நான் அவருக்கு அந்த வேட்டியைக் கட்டி அனுப்புவேன்.

போன கோடைக்கு முன்னால் எங்கள் பெரிய ப்ராஜெக்ட் முடிந்தது. அடுத்தது வரவில்லை. ஒரு காலை ஹெச்ஆர் என்னையும், என் ரூமில் கீழ்க்கட்டிலில் படுக்கும் பெயிண்டரையும் கூப்பிட்டார். பெயிண்டருக்குப் புதுக்கோட்டைப் பக்கம், எனக்குச் சிவகங்கைப் பக்கம். கதவுகளுக்கு ஸ்ப்ரே அடிப்பவர். பத்து வருஷமாக என் குறட்டையைக் கீழே இருந்து கேட்பவர்.

ஹெச்ஆர் மலையாளி. நல்ல மனுஷர். கெட்ட செய்தி சொல்லும்போது மேஜையில் உள்ள ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அன்றைக்கு ஸ்டேப்ளரை வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணா, வேலை இல்லா. ஆளைக் குறைக்கான் மேலேருந்து சொல்லியிருக்கு. நிங்க ரெண்டு பேருக்கும் லெட்டர் ரெடி" என்றார்.

பெயிண்டர் தன் லெட்டரைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நான் படித்தேன். இரண்டே வரி. ஜெராக்ஸ் எடுத்த ஃபாரம். பெயர் எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள், அதில் என் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். இன்று முதல் தங்கள் சேவை தேவையில்லை. அவ்வளவுதான். எத்தனை பேருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தவன் நான். எனக்கு இரண்டு வரியா?

"இது எனக்கு வேண்டாம் சார். நானே ரிசைன் பண்றேன்" என்றேன்.

ஹெச்ஆர் முதல்முறையாக ஸ்டேப்ளரை விட்டு என்னைப் பார்த்தார். "அண்ணா, நல்லா ஆலோசிச்சோ? இது வாங்கிக்கிட்டா பிரச்சனை ஒன்னுமில்லா."

"எனக்கு மரியாதை இருக்கு சார்."

மரியாதை இருந்தது. மூளை இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. அதற்கும் மரியாதைதான் காரணம்.

என் ராஜினாமாவை நான் எழுதியது போல வேறு எதையும் எழுதியதில்லை. வழக்கமான ஃபார்மட்டை எனக்குப் போடுவதா? புதிதாக எழுதினேன். ஊரில் முன்னோர் விட்டுச்சென்ற நிலம் தரிசாகக் கிடக்கிறது, தகப்பனார் தள்ளாமையில் தனியாகப் பாடுபடுகிறார், மண் என்னை அழைக்கிறது என்றெல்லாம் போட்டேன். எங்களுக்கு நிலம் கிடையாது. வீடு இருப்பதே இரண்டு சென்ட். அப்பா ரேஷன் கடையில் எடை போட்டு ரிட்டயர் ஆனவர், தினமும் இரண்டு வேளை டீக்கடைக்கு நடந்து போகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

ரூமில் என்னைக் கதாநாயகன் மாதிரி நடத்தினார்கள். கோழிக் குழம்பு வைத்தார்கள். லெட்டரை எப்படி மேஜையில் போட்டேன் என்று இரண்டு முறை நடித்துக் காட்டினேன். மனைவிக்குப் போன் செய்து, இதைவிட நல்ல வேலை பார்க்கப் போவதாகவும் அதனால் நானாகவே விட்டுவிட்டதாகவும் சொன்னேன். அவள் "அப்படியா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

மறுநாள்தான் முதல் அடி. பெயிண்டருக்கு நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கையில் கொடுத்து ரூமில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நானோ நானாக விலகுகிறவன். சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் காலமும் வேலை பார்க்க வேண்டும். அதாவது, துரத்தப்பட்டவர் காலில் போர்வையோடு ஏசியில் தூங்க, மரியாதைக்காரனான நான் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் டூட்டிக்குப் போனேன். வேலையே இல்லாத ஃபேக்டரியில், வராத ஆட்களின் நேரத்தை எழுதினேன்.

இரண்டாவது அடி மேனேஜர். அரபு நாட்டுக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். அதுவரை என்னோடு 'காலை வணக்கம்' தாண்டிப் பேசியதில்லை. என் கடிதத்தைப் படித்ததும் நேரே என் மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கிராமத்தில் அவர்களுக்கு ஆலிவ் தோட்டம் இருக்கிறதாம். அண்ணன் ஒருவரே தனியாகப் பார்க்கிறாராம். என் கடிதத்தின் ஓரத்தில் 'வருத்தத்துடன் சம்மதிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஹபீபி, உன் நிலத்தில் என்ன போடுவாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

வாயில் வந்தது நிலக்கடலை. சொல்லிவிட்டேன். அதோடு போயிற்றா? தினம் பத்து மணிக்கு டீ குடிக்கும்போது வந்து கேட்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கிணறு என்றேன். எத்தனை ஆழம்? யார் கடலை பிடுங்குகிறார்கள்? ஆள் கிடைக்கிறார்களா? பன்றித் தொல்லை உண்டா? நான் காலையில் ரூமில் இருந்து கிளம்பும்முன் போனில் நிலக்கடலைச் சாகுபடி வீடியோ பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். வேலை போன பிறகு இத்தனை உழைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் பெயிண்டர் என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, அந்த அஞ்சு திர்ஹம் இன்சூரன்ஸ் இருக்குல்ல, வேலை போனா மூணு மாசம் காசு தருவாங்களாம். எனக்கு லேபர் கார்டு கேன்சல் ஆகிடுச்சு. முப்பது நாளைக்குள்ள மனு போடணுமாம். நீங்க கூட வந்தா இங்கிலீஷுக்கு ஆச்சு."

அந்த இன்சூரன்ஸ் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாதம் ஐந்து திர்ஹம். கட்டாவிட்டால் அபராதம் என்று சொன்னதால், ரூமில் எல்லோருக்கும் நான்தான் உட்கார்ந்து போனில் பதிந்து கொடுத்தேன். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டியாயிற்று. அபராதத்துக்குப் பயந்து கட்டினோமே தவிர, அதில் ஒன்று திரும்பி வரும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட மனுக்களைப் பதிந்து கொடுக்கும் டைப்பிங் சென்டர்க்காரர் கீழக்கரைப் பாய். பெயிண்டரின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பன்னிரண்டு மாதம் விடாமல் கட்டியிருக்கிறாரா, சரி. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கமா, இல்லை. வேலை குறைந்ததால் கம்பெனி நீக்கியது, லெட்டர் இருக்கிறது. நான் குப்பை என்று ஒதுக்கிய அந்த இரண்டு வரி ஜெராக்ஸைப் பாய் கண்ணாடிப் பொருளைப் போல இரண்டு கையாலும் எடுத்து ஸ்கேன் செய்தார்.

"ஆச்சு. அடிப்படைச் சம்பளத்துல நூத்துக்கு அறுபது, மூணு மாசம். இடையில வேற வேலை கெடச்சா நின்னுரும். நாட்டை விட்டு வெளிய போனாலும் நின்னுரும். அண்ணே, ஒங்களுக்கும் போச்சுதாமே, லெட்டரைக் காட்டுங்க பாப்பம்."

நான் போனில் இருந்த என் கடிதத்தின் படத்தைப் பெருமையோடு நீட்டினேன். பாய் முழுவதும் படித்தார். உதடு அசைய, நிதானமாக.

"யார் எழுதுனது?"

"நான்தான்."

"இங்கிலீசு அருமையா இருக்கு. வரிக்கு வரி கண்ணீரு வருது." போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா ஒங்களுக்குக் காசு வராதுங்க. கம்பெனி நீக்குனவங்களுக்குத்தான். தானா விட்டவங்களுக்குக் கெடயாது."

"என்னையும் கம்பெனிதான் பாய் நீக்குச்சு."

"இதுல அப்படி இல்லையே. மண்ணு அழைக்குதுன்னுல போட்டிருக்கு."

பெயிண்டர் சுவரில் இருந்த விசா விளம்பரத்தைப் படிப்பது போல நின்றார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

பாயே வழியும் சொன்னார். என் லேபர் கார்டு இன்னும் கேன்சல் ஆகவில்லை. கடைசி நாளில்தான் டைப் செய்வார்கள், அதில் காரணம் என்று ஒரு இடம் இருக்கும். அதற்குள் கம்பெனி என் ராஜினாமாவைத் திருப்பிக் கொடுத்து, உண்மையில் நடந்தபடியே நீக்கியதாக லெட்டர் தந்தால் ஆச்சு. டைப் ஆகிவிட்டால் யார் காலில் விழுந்தும் பயனில்லை.

வெளியே வந்து வேனுக்கு நின்றபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. வீட்டில் பாப்பா என்று கூப்பிடும் மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். என் வயதில் ஒரே மாதத்தில் இன்னொரு வேலை கிடைக்காது. மூன்று மாதம் இருந்தால் தேடலாம், நாலு இடத்தில் ஏறி இறங்கலாம். அந்த மூன்று மாதம் இல்லையென்றால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், நல்ல வேலைக்குப் போவதாகச் சொன்ன வாயோடு டீக்கடையில் அப்பா பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். கதவைச் சாத்தியது கம்பெனி. உள்ளே தாழ்ப்பாள் போட்டது நான்.

ஹெச்ஆரிடம் மறுநாளே போனேன். "சார், அந்தப் பழைய லெட்டரைக் குடுத்துடுங்க. என்னை நீக்கிடுங்க" என்றேன். அவர் ஸ்டேப்ளரைப் பார்த்தார்.

"என் கையில இல்லா அண்ணா. மேனேஜர் சம்மதிச்சு கையொப்பிட்டுப் போயாச்சு. இனி அவர் சொல்லணும். நிங்க ஒரு லெட்டர் எழுதிக் கொடுக்கு. நிங்களுக்கு அது பிரச்சனை இல்லல்லோ?"

பிரச்சனை இருந்தது. மேனேஜரிடம் போய், நிலம் இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்குள் நான் கிணற்றை அறுபது அடிக்குத் தோண்டியிருந்தேன். இரண்டு மாடு வாங்கியிருந்தேன். அன்று காலைதான் அவர் தன் அண்ணனோடு வீடியோ காலில் பேசி, 'இவர்தான் ஊருக்குத் திரும்பும் விவசாயி' என்று என்னைக் காட்டியிருந்தார். அந்த அண்ணன் நெஞ்சில் கைவைத்து என்னை வாழ்த்தினார். நானும் நெஞ்சில் கைவைத்தேன்.

தள்ளிப்போட்டேன். நாளை, நாளை மறுநாள் என்று. தினமும் டூட்டிக்குப் போய் எனக்கு நானே வருகை எழுதும்போது இன்னும் பத்து நாள், இன்னும் ஒன்பது நாள் என்று தெரியும். ரூமில் உட்கார்ந்து லெட்டர் எழுதப் பார்ப்பேன். பேனா தானாகவே 'தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஓடும். நிலத்தை விற்றுவிட்டார்கள் என்று எழுதலாமா? பங்காளித் தகராறு என்று எழுதலாமா? வெள்ளம் வந்தது? ஒவ்வொன்றும் நன்றாகத்தான் வந்தது. கட்டிலைச் சுற்றிக் கசக்கிய காகிதமாகக் கிடந்தது.

ஏழு நாள் மிச்சமிருக்கும்போது பெயிண்டருக்கு மெசேஜ் வந்தது. அவர் மனு பாஸாகிவிட்டது. சந்தோஷத்தைக்கூடக் காட்டாமல் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து என் காகிதக் குப்பையைப் பார்த்தார்.

"என்னண்ணே எழுதுறீங்க, கதையா?"

"லெட்டர்தான். வரமாட்டேங்குது."

"நடந்ததை எழுதுங்க."

"எப்படி?"

"என்னைய வேலையை விட்டு எடுத்துட்டாங்க. வெக்கமா இருந்துச்சு, அதனால நானா விட்டதா எழுதிட்டேன். நெலமெல்லாம் பொய்யி. பழைய லெட்டரைக் குடுங்க. அவ்வளவுதானேண்ணே."

"இவ்வளவு சின்னதாவா?"

"அவங்க நமக்கு ரெண்டு வரிதானே குடுத்தாங்க. நீங்க நாலு வரி குடுக்குறீங்க, தாராளம்."

அவர் தமிழில் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் போட்டேன். நன்றியில்லை, கனத்த இதயம் இல்லை. இவ்வளவு மோசமான கடிதம் என் கையால் அதுவரை வந்ததில்லை.

மறுநாள் பத்து மணி டீக்கு மேனேஜர் வந்தார். அவர் கடலையைப் பற்றிக் கேட்கும்முன் காகிதத்தை நீட்டினேன். படித்தார். உள்ளே போய் ஃபைலில் இருந்து என் ராஜினாமாவையும் எடுத்து வந்து இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதில் எது உண்மை?"

நாலு வரியைத் தொட்டுக் காட்டினேன்.

"கிணறு?"

"இல்லை சார்."

"மாடு?"

"அதுவும் இல்லை."

கொஞ்ச நேரம் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார். அதில் சர்க்கரையே போடவில்லை. கோபித்துக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "என் அண்ணன் நேற்றும் உன்னை விசாரித்தான்" என்றார். அப்புறம், "அவனிடம் நான் சொல்லமாட்டேன்" என்றார். ராஜினாமாவைக் குறுக்கே அடித்து என்னிடம் கொடுத்தார். என் நாலு வரியின் கீழே, இவரை நீக்கச் சொன்னது நான்தான், அதன்படியே செய்யவும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். போகும்போது கதவருகே நின்று சொன்னார். "முதல் கடிதம்தான் நன்றாக இருந்தது."

சாயங்காலம் ஹெச்ஆர் அதே ஜெராக்ஸ் ஃபாரத்தில், அதே கோட்டில், பேனாவால் என் பெயரை எழுதிக் கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவிக்குப் போன் செய்தேன். வேலையை நான் விடவில்லை, எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். நிலம், கிணறு, மாடு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ஓட்டை பனியனையே தானா விடாத மனுசன் நீங்க. வேலையையா விடப்போறீங்க? சரி, நெலத்துல என்ன போட்டிருந்தீங்க?"

"கடலை."

"ம். நல்லா வந்துச்சா?"

லேபர் கார்டு கேன்சல் ஆனது. பாய் கடையில் மனுப் போட்டேன். கேம்பைக் காலி செய்யும் நாள் வந்தது, பெயிண்டரும் நானும் ஷார்ஜாவிலேயே ரோலா பக்கம் ஒரு ரூமில் கட்டில் வாடகைக்குப் பிடித்தோம். இந்த முறையும் எனக்கு மேல்க்கட்டில்தான். பழகின குறட்டையாவது கேட்கட்டும் என்று பெயிண்டர் சொன்னார்.

அங்கே இருந்த நாட்களை எப்படிச் சொல்வது? போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கும். மூடித் திறந்தால் அதுவே இருக்கும். ராஜினாமா என்று ஒரு முறை கம்ப்யூட்டரில் ஏறியிருக்குமோ, யாராவது கம்பெனிக்குப் போன் செய்து கேட்டால் ஹெச்ஆர் ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டு உளறிவிடுவாரோ என்று நினைப்பு ஓடும். ஊருக்குப் போக முடியாது, போனால் மனு போச்சு. டூட்டி கிடையாது. கீழே இறங்கினால் வெயில் அறையும், மேலே ஏறினால் கூரை தலையில் இடிக்கும். காலையில் இரண்டு கம்பெனிக்கு நடந்துபோய் பயோடேட்டா கொடுப்பேன். வாட்ச்மேன் வாங்கிப் பெட்டியில் போடுவார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், நான் வந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பேன்.

பதினேழாம் நாள், பருப்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. கண்ணில் வெங்காயத் தண்ணீர், எழுத்துத் தெரியவில்லை. பெயிண்டரிடம் கொடுத்தேன். அவர் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. ஆனா எனக்கு வந்த மாதிரியேதான் இருக்கு" என்றார்.

அதேதான். மூன்று மாதம்.

மனைவிக்குப் போன் போட்டேன். பாஸாகிவிட்டது, இனி பதட்டமில்லாமல் வேலை தேடலாம் என்றேன். "அப்பாடா" என்று மூச்சு விட்டாள். அவள் மூச்சு விடுவதைக் கேட்ட பிறகுதான், இத்தனை நாளும் அவள் கிண்டலடித்ததெல்லாம் எனக்காகத்தான் என்று புரிந்தது.

"ஒரு விசயம். இந்த மூணு மாசமும் நாட்டை விட்டு வெளிய வரக்கூடாது. வந்தா நின்னுரும். பாப்பா பொறந்தநாளுக்கும் வர முடியாது" என்றேன்.

அவள் காலண்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அது சரி" என்றாள் பிறகு. "அந்தக் கடலையை யாருங்க பிடுங்குறது?"